ஒரே வானம், 450 படம்: நெபுலாவைப் படம் பிடிப்பது எப்படி

ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும் வாயு, தூசி மேகம்தான் ஓரியன் நெபுலா. நான் எடுத்த அதன் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஜூம் பண்ணி எடுத்தீங்க?" என்பதுதான். ஜூம் பண்ணவே இல்லை. 50 மி.மீ. லென்ஸ், கல்யாண வீடுகளில் முகம் எடுக்கப் பயன்படுத்துகிற அதே சாதாரண லென்ஸ். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றில் அதை மாட்டி, ட்ரைபாடில் நிறுத்தி, மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் களத்தில் வைத்து எடுத்த படம் அது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது. நெபுலாவும், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கேலக்ஸியும் நெடுந்தொலைவில் இருப்பதால் சின்னதாக இருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிற நினைப்பு. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஆனால் வானத்தில் அது அடைத்துக்கொள்ளும் நீளம் ஏறக்குறைய 3 பாகை. முழுநிலாவின் அகலம் வெறும் அரைப் பாகை. அதாவது ஆறு நிலாவை வரிசையாக அடுக்கிய நீளம்! கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்திப் பாருங்கள், அந்த விரலின் அகலம் கிட்டத்தட்ட ஒரு பாகை. மூன்று சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கேலக்ஸி நம் தலைக்கு மேல் கிடக்கிறது, நாம் அதைப் பார்ப்பதில்லை. சின்னதாக இருப்பதால் தெரியாமல் போகவில்லை. மங்கலாக இருப்பதால் தெரியாமல் போகிறது. ஆகவே பெரிதாக்குவது இரண்டாவது வேலை. வெளிச்சத்தைச் சேர்ப்பதுதான் முதல் வேலை.

கண்ணால் அதைச் செய்ய முடியாது. கண் வெளிச்சத்தைச் சேமித்து வைப்பதில்லை. வந்ததை வந்த கையோடு மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கத் தயாராகிவிடும். பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலும் நெபுலா பத்து மடங்கு பளிச்சென்று ஆகிவிடாது. கேமராவின் சென்சார் அப்படியில்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குட்டிப் பாத்திரம் மாதிரி. ஷட்டர் திறந்திருக்கும் வரை விழுகிற வெளிச்சத்தை உள்ளே தேக்கிக்கொண்டே இருக்கும். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தபோது ஏறக்குறைய 50 நிமிடம் கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் காட்டினார். ஆண்ட்ரோமெடாவின் சுழல் அமைப்பு தெளிவாக வெளிப்பட்டதும் 1888-ல் இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படத்தில்தான். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தவர்களுக்குப் பிடிபடாதது, வெளிச்சத்தைச் சேர்த்து வைத்த தகட்டில் பிடிபட்டது.

சரி, அப்படியானால் நாமும் ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிடலாமே? முடியாது, பூமி சுற்றுகிறது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 50 மி.மீ. லென்ஸ் மாட்டிய சாதாரணக் கேமராவில் ஓரியன் பக்கத்து நட்சத்திரம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல் நகரும். 4 விநாடிக்கு மேல் போனால் புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் கோடாக இழுபட ஆரம்பிக்கும். 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் கிடைக்கிற விநாடி வரை எடுக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். ஃபிலிம் காலத்துக்கு அது சரி. இன்றைய சென்சார்களின் நுணுக்கத்துக்கு அது தாராளம், நான் அதைப் பின்பற்றுவதில்லை.

ஆக, 4 விநாடி. களத்தில் முதல் படத்தை எடுத்துத் திரையில் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுக்குப் பழுப்பு நிற வானம், அங்கங்கே நட்சத்திரம், ஓரியனின் மூன்று நட்சத்திர வரிசைக்குத் தெற்கே கட்டைவிரலால் லேசாகத் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு வெளிறிய பொட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். அவற்றைத்தான் இரைச்சல் என்கிறோம். இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் மிச்சம் எல்லாமே புரிந்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மழை ஆரம்பிக்கும்போது முற்றத்தைக் கவனித்திருப்பீர்கள். சதுரக் கல் பதித்த முற்றம். முதல் சில விநாடிகளில் ஒரு கல்லில் மூன்று சொட்டு இருக்கும், பக்கத்துக் கல்லில் ஏழு இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. மழை எல்லாக் கல்லுக்கும் ஒரே மாதிரிதான் பெய்கிறது. ஆனால் சொட்டுச் சொட்டாக விழுவதால் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. வெளிச்சமும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அந்தச் சொட்டுக்கு ஃபோட்டான் என்று பெயர். ஒரே மாதிரி வெளிச்சமுள்ள வானத்தைப் பார்க்கிற பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் கூட ஒரே எண்ணிக்கை ஃபோட்டானை வாங்குவதில்லை. இது கேமராவின் குறை இல்லை, வெளிச்சத்தின் இயல்பு. எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் இது இருக்கும்.

இப்போது ஒரு கல்லின் மேல் மட்டும் ஓட்டு விளிம்பிலிருந்து கொஞ்சம் கூடுதலாகச் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நெபுலா. சுற்றியிருக்கும் வானத்தின் வெளிச்சம் பொது மழை. முதல் நிமிடத்தில் எந்தக் கல்லில் கூடுதல் விழுகிறது என்று உங்களால் சொல்லவே முடியாது, ஏற்ற இறக்கத்தில் அது மறைந்துவிடும். நேரம் போகப் போக அந்த ஒரு கல் மட்டும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கணக்காகவும் பார்த்துவிடலாம், சின்னக் கணக்குதான். ஒரு படத்தில் ஒரு பிக்சலுக்கு வானத்திலிருந்து 100 ஃபோட்டான் வருகிறது, நெபுலாவிலிருந்து கூடுதலாக 4 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 சொட்டு விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 10 இருக்கும், ஏனென்றால் அது எண்ணிக்கையின் வர்க்கமூலம். 10 ஏறி இறங்குகிற இடத்தில் 4-ஐ எங்கே தேடுவது? இதேபோல 100 படம் எடுத்துக் கூட்டினால் வானத்தின் பங்கு 10,000, நெபுலாவின் பங்கு 400. ஏற்ற இறக்கம் 10,000-க்கு வர்க்கமூலம், அதாவது 100 மட்டும். 400-ஐ 100 மறைக்க முடியுமா? நெபுலா 100 மடங்கு வளர்ந்தது, இரைச்சல் 10 மடங்குதான் வளர்ந்தது. ஒரு படத்தில் மூழ்கிக் கிடந்தது, நூறில் தலை தூக்கிவிட்டது.

இந்தக் கலையின் உயிர் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. வானத்தில் இல்லாததை யாரும் வரைந்து சேர்க்கவில்லை. முதல் படத்திலேயே அந்த 4 ஃபோட்டான் இருந்தது. அதை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க நூறு சாட்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான். நான் அன்றைக்கு எடுத்தது 4 விநாடிப் படங்கள் 450. மொத்தம் அரை மணி நேர வெளிச்சம். 450-க்கு வர்க்கமூலம் 21. ஒற்றைப் படத்தைவிட 21 மடங்கு தெளிவு. உங்கள் போனில் இருக்கும் நைட் மோடும் இந்த வேலையைத்தான் செய்கிறது, சில விநாடிக்குள் பல படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டிக் கொடுத்துவிடுகிறது.

எங்கள் சித்தப்பா அன்றைக்கு மோட்டார் போட வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, ஒரே எடத்தையே நானூறு தடவ எடுக்குற? ஒண்ணு நல்லா வந்தா போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

தஞ்சாவூர் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஒரு நூலைப் பதிப்பிக்க வேண்டுமென்றால் ஒரு சுவடியை மட்டும் வைத்துக்கொண்டு பதிப்பிக்க மாட்டார்கள். கிடைக்கிற பிரதிகளை எல்லாம் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தது அதற்குத்தான். ஒருவர் ஓரிடத்தில் எழுத்தை விட்டிருப்பார், இன்னொருவர் வேறிடத்தில் மாற்றி எழுதியிருப்பார், ஒரு ஏட்டில் ஒரு மூலையைச் செல் அரித்திருக்கும். பிழைகள் ஏட்டுக்கு ஏடு வேறுபடும். மூலம் எல்லாவற்றிலும் ஒன்றே. பத்துப் பிரதியை அருகருகே வைத்தால் பிழை தனித்து நிற்கும், பாடம் துலங்கும். 450 படம் என்பது வானத்தின் 450 பிரதி. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பதை ஸ்டேக்கிங் என்கிறோம். ஒரு படத்தின் குறுக்கே செயற்கைக்கோள் கோடு போட்டுக்கொண்டு போயிருந்தால், மற்ற 449-லும் அந்த இடத்தில் கோடு இல்லை என்பதை மென்பொருள் பார்த்து, அந்த ஒரு படத்தின் அந்தப் பிக்சலை மட்டும் தள்ளிவிடும்.

சித்தப்பாவுக்கு இது உடனே பிடிபட்டது. "அப்ப எல்லா ஏட்டுலயும் ஒரே தப்பு இருந்தா?" என்றார். அதுதான் இதில் சரியான கேள்வி. பிழையுள்ள ஒரே ஏட்டைப் பார்த்து பத்துப் பேர் படியெடுத்திருந்தால், பத்தையும் ஒப்பிட்டும் பயனில்லை. கேமராவிலும் அப்படிப்பட்ட பிழைகள் உண்டு. சென்சாரில் சில பிக்சல்கள் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். சென்சார் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நிழல் விழும். லென்ஸின் ஓரங்கள் எப்போதும் நடுவைவிட இருட்டாக இருக்கும். இவை எத்தனை படம் அடுக்கினாலும் போகாது, இன்னும் அழுத்தமாகப் பதியும்.

இவற்றுக்குத் தனி மருந்து இருக்கிறது. லென்ஸ் மூடியைப் போட்டு, அதே 4 விநாடி, அதே ஐஎஸ்ஓ (சென்சார் பதிவை எவ்வளவு பெருக்குவது என்கிற அளவு) வைத்து, அதே குளிரில் இருபது முப்பது படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இவை டார்க் படங்கள், எரியும் பிக்சல்கள் எவை என்று இவை காட்டிக்கொடுக்கும். அப்புறம் விடிகிற நேரத்தில், ஃபோகஸைத் தொடாமல், லென்ஸின் வாயில் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இரண்டாக மடித்துக் கட்டி, வெளுத்துவரும் வானத்தைப் பார்க்க வைத்து முப்பது படம். இவை ஃப்ளாட் படங்கள். ஒரே சீரான வெளிச்சத்தில் எடுப்பதால் தூசி நிழலும் ஓர இருட்டும் மட்டும் அதில் பதிவாகும், மென்பொருள் அதைக் கொண்டு நம் படத்தைச் சமன் செய்துவிடும். முதல் வருடம் ஃப்ளாட் எடுப்பதை நான் தேவையற்ற வேலை என்று நினைத்து விட்டுவிட்டேன். நெபுலாவை வெளியே இழுக்க இழுக்க, படத்தின் நடுவில் ஒரு வெளிச்ச வட்டமும் ஓரத்தில் தூசி வளையங்களும் அதைவிட வேகமாக வெளியே வந்தன. டார்க் இல்லாமல்கூட ஓரளவு சமாளிக்கலாம். ஃப்ளாட் இல்லாமல் முடியாது என்பது என் அனுபவம்.

வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் என்கிற கருவி இல்லாமல் எடுப்பதில் ஒரு நன்மை தானாகவே கிடைக்கிறது. வானம் நகர்வதால் ஓரியன் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுகிறது. பிறகு நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்கும்போது, நகராத பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் சிதறிவிடுகின்றன. ஒரே ஏட்டின் பிழை பத்து வெவ்வேறு இடத்துக்குப் போய்விட்டது மாதிரி. டிராக்கர் வைத்து எடுப்பவர்கள் இதற்காகவே நடுநடுவே கேமராவை வேண்டுமென்று லேசாக நகர்த்துவார்கள். எப்படி எடுத்தாலும் கால் மணிக்கு ஒரு முறை ஓரியனை மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை.

இனி இருட்டைப் பற்றி. மேலே போட்ட கணக்கில் வானத்திலிருந்து 100 ஃபோட்டான் என்றேன். அது இருட்டான வயல்வெளி என்று வையுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற நகரத்து மாடியில் வானம் நான்கு மடங்கு வெளிச்சமாக இருந்தால் 400 வரும். நெபுலா தருவது அதே 4-தான். ஏற்ற இறக்கம் 10-லிருந்து 20 ஆகிவிடும். இதை ஈடுகட்ட நான்கு மடங்கு படம் எடுக்க வேண்டும். வயலில் அரை மணி நேரத்தில் கிடைப்பது நகரத்தில் இரண்டு மணி நேரம் கேட்கும். ஆகவே புது லென்ஸுக்குப் பணம் சேர்க்கிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் அந்தப் பணத்தில் பஸ் ஏறுங்கள். பெரிய ஊரின் வெளிச்சத்தைவிட்டு இருபது கிலோமீட்டர் தள்ளி வந்தாலே வித்தியாசம் தெரியும். வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களில் நின்று தெற்கே பார்த்தால் முன்னால் பாக் நீரிணைக் கடல், ஊர் வெளிச்சம் பெரும்பாலும் முதுகுப் பக்கம். கரையோர இறால் பண்ணை விளக்குகள் கண்ணில் விழாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த இரவு என்பதும் டெல்டாவில் தனிக் கேள்வி. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வானத்தை மூடிவிடும். ஆண்ட்ரோமெடா சாயங்காலமே உச்சிக்கு வருவது அந்த மாதங்களில்தான், நமக்கு அந்த யோகமில்லை. அதற்குப் பதில் ஆவணி, புரட்டாசியில் மேகம் விட்ட நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகு பார்க்கலாம். இல்லாவிட்டால் மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலும் தை முதலிலும் இருட்டிய உடனே வடமேற்கில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். உத்திரட்டாதி நட்சத்திரத்திலிருந்து வடக்கே தேடினால் கண்ணுக்கே ஒரு மங்கல் தீற்றலாகத் தெரியும். தையிலிருந்து பங்குனி வரை நமக்கு நல்ல காலம். தை அமாவாசையை ஒட்டி இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு ஓரியன் நெபுலா உச்சிக்குச் சற்றே தெற்கில், 74 பாகை உயரத்தில் நிற்கும். அதன் வெளிச்சம் ஏறக்குறைய 1,300 ஆண்டு பயணம் செய்து, காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பாதை வழியாக நேராக இறங்குகிறது. ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் இதே நெபுலாவை அடிவானத்துப் புகைமூட்டத்துக்கு மேல் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பௌர்ணமியை விட்டுவிடுங்கள். நம் மாதப் பெயர்கள் பௌர்ணமி நிலா நிற்கும் நட்சத்திரத்தை வைத்து வந்தவை. கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியில் நிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்திலேயே நின்று அதை வெளிச்சத்தில் அடித்துவிடும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாள், அதுதான் நம் நேரம்.

தை மாதத்தில் ஒரு எதிரி இருக்கிறது, பனி. இரவு பத்தரை மணிக்கு நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் வந்தபோது மெல்லிய மேகம் என்று நினைத்து நான் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். அரை மணி கழித்து லென்ஸைத் தொட்டுப் பார்த்தால் ஈரம். முந்நூறு படம் வீண். தெளிந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி, வைக்கோல் போரின் மேல்பகுதி போலவே தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது. லென்ஸைச் சுற்றிக் கட்டுகிற சின்ன ஹீட்டர் பட்டை விற்கிறார்கள், பவர் பேங்கிலேயே ஓடும். லேசான சூடு போதும். அதை ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும், ஈரம் படிந்த பிறகு துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி படியும்.

ஃபோகஸில் அவசரப்படாதீர்கள். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. இரவு வானத்திலேயே பளிச்சென்ற நட்சத்திரமான சிரியஸை நடுவில் வைத்து, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அது மிகச் சிறிய புள்ளியாகிற இடத்தில் நிறுத்தி, டேப் ஒட்டிவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள், வழக்கமான ஜேபெக் வேண்டாம். ஜேபெக்கில் கேமரா தன் இஷ்டத்துக்கு மங்கல் பகுதிகளைச் சுருக்கிவிடும், நமக்கு வேண்டியதே அந்த மங்கல் பகுதிதான். ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் துவாரத்தை முழுத் திறப்பிலிருந்து ஒரு படி குறைத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் ஒழுங்காக இருக்கும். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இடைவெளி விட்டுத் தானாக எடுக்கும் ரிமோட் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் சாமான்.

மறுநாள் கம்ப்யூட்டர் வேலை. சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் இரண்டும் இலவச மென்பொருள்கள். 450 ரா ஃபைல் பத்து ஜிபிக்கு மேல் வரும், பழைய லேப்டாப்பில் அடுக்கி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முடிந்து திறந்தால், முதல் முறை செய்கிறவர்கள் எல்லோருக்கும் நெஞ்சு கனக்கும். படம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக இருக்கும், ஒற்றைப் படத்தைவிட மோசமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். சேர்த்த வெளிச்சம் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் நட்சத்திரத்தின் பளிச்சுக்கும் நெபுலாவின் மங்கலுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரியது. எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு குறுகிய மேடு இருக்கும். அந்த மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் விரிக்க வேண்டும். இதை ஸ்ட்ரெச் என்பார்கள். முதல் இழுப்பில் நெபுலாவின் நடுப்பகுதி வரும். இரண்டாவதில் பறவையின் சிறகு போல இருபுறமும் விரிகிற வாயு. மூன்றாவதில், நடுப்பகுதிக்கு வடக்கே கறுப்பாகக் குறுக்கே கிடக்கும் தூசிப் பட்டை. ஒவ்வொரு இழுப்பிலும் முன்பு வெறும் வானம் என்று நினைத்த இடத்தில் ஏதோ ஒன்று இருப்பது தெரியவரும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இரவெல்லாம் கொசுக்கடியில் உட்கார்கிறேன்.

"இந்தச் சிவப்பு நிஜமா, கலர் அடிச்சதா?" என்பது அடுத்த கேள்வி. நிஜம். நெபுலாவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். பக்கத்தில் பிறந்த சூடான நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு அது ஒளிர்கிறது. அந்த ஒளியில் முக்கியமானது 656.3 நானோமீட்டரில் வருகிற அடர் சிவப்பு. ஆக்ஸிஜன் 500.7-ல் நீலம் கலந்த பச்சையாக ஒளிரும். மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணின் நிறம் பிரிக்கும் செல்கள் வேலை செய்வதில்லை, அதனால்தான் தொலைநோக்கி வழியாகப் பார்த்தாலும் நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. சொல்லப்போனால் கடையில் வாங்கும் கேமரா இந்தச் சிவப்பைக் குறைத்துத்தான் காட்டுகிறது. சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இதில் ஆழ்ந்து இறங்குகிறவர்கள் அந்த வடிகட்டியை மாற்றிக்கொள்வார்கள். பச்சை, பொன், நீலமாக வரும் சில புகழ்பெற்ற படங்களில் மட்டும் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிறம் என்று ஒதுக்கிக் கொடுத்திருப்பார்கள். அது வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது போன்றது, அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் தவறில்லை. என்னுடைய எல்லை ஒன்றுதான். உள்ளே இருக்கும் வெளிச்சத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே இழுக்கலாம், இல்லாத விவரத்தை வரைந்து சேர்க்கக் கூடாது. ஏட்டில் இல்லாத அடியை எழுதிச் சேர்ப்பது பதிப்பு ஆகாது அல்லவா? இப்போது வரும் சில ஏஐ கருவிகள் நெபுலாவுக்குத் தாமாகவே இழை போட்டுக் கொடுக்கின்றன. அவற்றை நான் தொடுவதில்லை.

சில மாதம் இப்படி எடுத்த பிறகு டிராக்கர் ஆசை வரும், வரட்டும். பூமி சுற்றுவதற்கு எதிராக அதே வேகத்தில் கேமராவைத் திருப்பும் கருவி அது. 4 விநாடிக்குப் பதில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திறந்து வைக்கலாம். அதன் அச்சு வான துருவத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அதில் ஒரு சிரமம் உண்டு. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் இருக்கும் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு, தஞ்சாவூரில் 11 பாகைக்கும் குறைவு. வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் போயிற்று. கேமராவைத் தாங்கித் திருப்பும் சில மவுண்ட்களை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடைக் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே தாழ்வான அட்சரேகை தெற்கே நமக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. லண்டனில் இருக்கிற ஒருவர் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும் தன் ஊர் வானத்தில் கரீனா நெபுலாவைப் பார்க்க முடியாது, அது அங்கே உதிப்பதே இல்லை. ஓரியன் நெபுலாவைவிடப் பெரியது, பளிச்சென்றது. நமக்குப் பங்குனியில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கு அடிவானத்துக்கு மேல் 20 பாகை வரை ஏறி வருகிறது. அதை அடுத்து ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே பந்தாகத் திரண்டது, ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தள்ளி. அதைக் கண்டுபிடிக்க ஆப் எதுவும் வேண்டாம். சித்திரை நட்சத்திரம் தெற்கு வடக்குக் கோட்டைத் தொடும்போது, அதிலிருந்து நேர் கீழே தெற்கு நோக்கி இறங்குங்கள். நீட்டிய கையின் முஷ்டி ஒன்று 10 பாகை, மூன்றரை முஷ்டிக்குக் கொஞ்சம் கூட. அங்கே பனி மூடிய நட்சத்திரம் மாதிரி ஒரு பஞ்சு நிற்கும்.

பங்குனி அமாவாசையில் நள்ளிரவு தாண்டி அது உச்சத்துக்கு வரும். உளுந்து பறித்துவிட்ட வயல், காலடியில் ஈரமில்லை, பனியும் குறைந்திருக்கும். மோட்டார் கொட்டகைப் பல்பை மட்டும் அணைக்கச் சொல்லிவிட்டு, பத்து மணிக்கே போய்க் கரீனாவில் ஆரம்பியுங்கள்.